கொட்டகையை எடுத்த ஓலை

நெய்தல்பட்டினத்தை ஆண்ட செங்கதிர்வேளுக்குப் பகை பயமில்லை, பஞ்ச பயமில்லை. ஒரே ஒரு குறைதான். ஊருக்கு வரும் வணிகர்கள் தங்குவதில்லை. பொழுது சாய்ந்தால் பாவைத்தெருவில் கூத்து, பொம்மலாட்டம், கழைக்கூத்து என்று ஒரே அமர்க்களம். பணியாரக் கடையில் நிற்க இடமிருக்காது. ஆனால் தலை சாய்க்க ஒரு நல்ல விடுதி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கொட்டாவி விட்டபடி கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள்.

"பாவைத்தெருவிலேயே பெரிய விடுதி கட்டலாம், அரசே" என்றார் அமைச்சர் தண்டராயர். "கீழே கடைகள், மேலே அறைகள். என் மைத்துனன் பார்த்துக்கொள்வான்."

"இடம்?"

"கூத்துக்கொட்டகை இருக்கிறதே! ஓலைக் கூரை, மூங்கில் கால். அது இருந்து யாருக்கு என்ன பயன்?"

உண்மைக் காரணம் வேறு. போன தைமாதக் கூத்தில் கோமாளி இவரைப் போலவே தொந்தியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து காட்டினான். ஊர் ஒரு மாதம் சிரித்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அரசர் தலையசைத்து நக்கனை அழைத்தார். அரச ஆணைகளை ஓலையில் எழுதுவது நக்கனின் வேலை. பெயருக்கேற்ற நக்கல்காரன்.

"'கூத்துக்கொட்டகையை இடித்து, விடுதி கட்டுக.' இப்படி எழுதட்டுமா?" என்று கேட்டான்.

தண்டராயர் பதறினார். "இடித்து என்று எழுதினால் ஊரே நம்மைத் திட்டும்! 'எடுத்து' என்று நாசூக்காக எழுது. 'கூத்துக்கொட்டகையை எடுத்து, விடுதி கட்டுக.' ஓரெழுத்து மாறினாலும் தொலைந்தாய்! இன்னொரு வரியும் சேர். 'இதை ஓலைக்கார நக்கன் முன்நின்று நடத்துக.'"

திட்டு நக்கனுக்கு, விடுதி மைத்துனனுக்கு. அமைச்சருக்கு ஒரே குஷி.

நக்கன் அப்படியே எழுதினான். முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த ஓலையை அரசரே நினைத்தாலும் திருத்த முடியாது. அது அந்த நாட்டு வழக்கம். கட்டி முடித்துப் பால் காய்ச்சும் நாள்வரை அரசர் புதுக்கட்டடத்தை எட்டிப் பார்ப்பதும் இல்லை. அமைச்சரோ மாமனார் ஊரில் விருந்து என்று வண்டி கட்டிவிட்டார். இடிக்கிற நேரத்தில் ஊரில் இருக்க அவருக்கென்ன பைத்தியமா?

மறுநாள் காலை நக்கன் கொட்டகைக்குப் போனான். கூத்துக் குழுவின் தலைவி மருதாயி வாசலை மறித்து நின்றாள்.

"ஏன்யா ஓலைக்காரரே, உங்க கையாலதானே எழுதுனீங்க? முப்பது பேரு நாங்க. ஆட்டத்தை விட்டா ஒரு தொழில் தெரியாது. இனிமே எங்க போயி ஆடச் சொல்றீங்க, கடலுக்குள்ளயா?"

வாரம் தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறவன் நக்கன். தன் எழுத்தாணியை நினைத்து அவனுக்கே வெறுப்பாக இருந்தது.

அப்போது கொத்தனார் உலகன் நூலும் தூக்குக்குண்டுமாக வந்து சேர்ந்தார்.

"ஐயா, எந்தப் பக்கத்துல இருந்து சுவர் எடுக்கணும்?"

"என்ன சொன்னீர்?"

"சுவர் எந்தப் பக்கம் எடுக்கணும்னு கேட்டேன். எடுத்தாத்தானே கட்டடம்?"

நக்கன் துள்ளிக் குதித்தான். மடியிலிருந்த ஓலையைப் பிரித்து இரண்டு முறை படித்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"போச்சு, ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள் மருதாயி.

ஏழு மாதம் ஓடியது. ஊர்த் திட்டு அடங்கட்டும் என்று தண்டராயர் மாமனார் ஊரைவிட்டு அசையவே இல்லை. பால் காய்ச்சும் நாள் வந்தது. அரசர் பல்லக்கில் வந்து இறங்கினார். பின்னாலேயே தண்டராயர், தொந்தி முன்னால், அவர் பின்னால்.

மூன்று பக்கமும் மாடி விடுதி. கீழே கடைகள், மேலே அறைகள். நட்டநடுவே கருங்கல் தூண்கள், ஓட்டுக் கூரை, ஆளுயர மேடை. மேடையில் மருதாயி சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடேய் நக்கா!" என்று கத்தினார் தண்டராயர். "கொட்டகையை எடுக்கத்தானே ஆணை?"

"எடுத்துவிட்டேனே! முப்பதடி உயரத்துக்கு எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் விடுதி கட்டினேன். ஓலையில் உள்ள வரிசைப்படி."

"எடுப்பது என்றால் அப்புறப்படுத்துவதடா, மடையா!"

"அப்படியா?" என்றான் நக்கன் பவ்வியமாக. "எதிர்க்கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. உரக்கப் படியுங்களேன்."

தண்டராயர் வீராப்பாகப் போய்ப் படித்தார். "இத்திருக்கோயிலைக் கல்லால் எடுத்தான் பெருங்கதிர்வேள்..."

"அரசருடைய பாட்டனார்" என்றான் நக்கன். "அவர் இந்தக் கோயிலை என்ன செய்தார், அமைச்சரே? கட்டினாரா, அப்புறப்படுத்தினாரா?"

தண்டராயர் அரசரைப் பார்த்தார். அரசர் மீசையைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் மாடியிலிருந்து கூவினான். "அத்தான்! ஒரு அறைகூட காலியில்ல! சன்னலைத் திறந்தா கூத்து தெரியுதுன்னு குதிரை வியாபாரிங்க எல்லாம் பத்து நாளுக்கு இப்பவே முன்பணம் கட்டிட்டாங்க. கொட்டகை மட்டும் இல்லேன்னா ஈதான் ஓட்டிட்டு இருந்திருப்பேன்!"

மருதாயி வாய்விட்டுச் சிரித்தாள். கோமாளி மேடைமேல் தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஒரு நடை நடந்தான். கூட்டம் கொல்லென்றது.

தண்டராயரின் முகம் செவசெவ என்றாகிவிட்டது. "அரசே! என் மானமே போயிற்று. இந்த நக்கனை உடனே எடுத்துவிடுங்கள்!"

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அமைச்சர் வாக்கைத் தட்ட முடியுமா? நக்கா, ஓலையை எடு. 'ஓலைக்கார நக்கனை இன்றே எடுத்துவிடுக' என்று எழுது."

நக்கன் எழுதினான். முத்திரைக்கு நீட்டும் முன் எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டு பணிவாகக் கேட்டான்.

"எத்தனை அடி உயரத்துக்கு, அரசே?"