ராஜா வைத்த செம்பு

முன்னொரு காலத்தில் பொன்மேட்டு நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். அவன் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் நாவலந்தீவு முழுவதையும் கொலுமண்டபத் தரையில் செய்துவைக்கச் சொன்னான். வடக்கே சுண்ணாம்பில் பனிமலை எழும்பியது, நடுவில் காடு, மேற்கே மணல் கொட்டிப் பாலைவனம். ஆறுகளில் நிஜத் தண்ணீரே ஓடியது. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு தாண்டினார்கள்.

மந்திரி தேவநம்பி மட்டும் அந்த மணல் ஓரத்திலேயே நிற்பார். அவர் பாலைவன நாட்டுக்காரர். மனைவியும் மகளும் அங்கே. இங்கே அவரோடு அவர் பாஷையில் பேச ஒரு ஆள் கிடையாது. அது ஊமை கண்ட கனவாய் உள்ளேயே கிடந்தது. ஊருக்குப் போக எத்தனையோ தடவை கேட்டுவிட்டார், ராஜா விட்டபாடில்லை.

அன்றும் கேட்டார். ராஜா ஒரு செம்பை நீட்டினான்.

“இந்தத் தீவிலேயே தன்னந்தனியான இடம் எதுவோ, அங்கே இதை வையும். சரியாக வைத்தால் ஊருக்குப் போகலாம்.”

ராஜாவின் போஜனசாலைக் காவல் அதிகாரி கருணாகரருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். “தோற்றால் மந்திரி மோதிரம் எனக்கு, மகாராஜா! இவர் சாகும்வரை இந்தத் தரையைப் பெருக்கட்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாலைவனம்தான்!”

“அங்கே கிணற்றுக்கு வருகிறவன் தான் குடித்ததும், அடுத்து வருபவனுக்கு ஒரு பானை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவான்” என்றார் மந்திரி. “முகம் தெரியாத ஒருவன் எனக்காக நினைத்திருக்கிறான். அது எப்படித் தனிமை ஆகும்?”

“அப்படியானால் பனிமலை?” என்றான் ராஜா.

“கணவாய் தாண்டுகிறவன் ஒவ்வொருவனும் வழிக்குறியாக ஒரு கல் அடுக்குகிறானே.”

மந்திரி செம்போடு மணலைத் தாண்டி, காடு கடந்து, தரையில் இதே அரண்மனைக்குக் குறித்திருந்த இடத்தில் வைத்தார்.

“அபத்தம்!” என்று குதித்தார் கருணாகரர்.

“ஓய், மகாராஜா சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?” என்று கேட்டார் மந்திரி.

“ஒருத்தரும் இருக்க முடியாது! திரை போட்டு வாசலில் நானே நிற்பேன். எட்டிப் பார்த்தால் தலை போகும். பட்டம் கட்டிய நாள் முதல் ஒரு ஈ, காக்கை நுழைந்ததில்லை!”

சொல்லி முடித்தபின்தான் அவருக்கே உறைத்தது. ராஜா குனிந்து அந்தச் செம்பை எடுத்தான்.

“போய் வாரும்” என்றான். “நீரும் போனால் எனக்கு யார் ஓய் இருக்கிறார்கள்?”

“செம்பு இருக்கிறதே மகாராஜா. நிரப்பி வாசலில் வையுங்கள்.”

மந்திரி புறப்பட்டார். மறுநாள் ராஜா திரையைக் கழற்றச் சொன்னான். வாசலில் செம்பு நிறைய தண்ணீர், எதிரே இன்னொரு இலை. கருணாகரர் கையில் சோற்றுக் கரண்டி. ஆனால் அந்த இலையில் உட்கார அரண்மனையில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ராஜா காத்திருந்தான். சோறு ஆறியது.

வெயிலில் அரண்மனைச் சமையல்கட்டுக்கு உப்பு இறக்க வந்த வண்டிக்காரன் ஒருவன் செம்புத் தண்ணீரைக் குடித்தான், இலையைப் பார்த்தான், உட்கார்ந்தான். எதிரே இருப்பது யாரென்று அவனுக்குத் தெரியாது.

“அண்ணே, தனியாவா சாப்பிடுறீங்க? அந்த ஊறுகாயை இப்படித் தள்ளுங்க” என்றான்.

ராஜா தள்ளினான்.