கோமதி அழுத்தினாள், இசக்கிக்கு வந்தது

அவசரக்காரர்கள் இந்தக் கதையைப் பாதியிலேயே தீர்த்துவிட்டதாக நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் கேட்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் கோமதி என்று ஒரு பெண். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தவள். சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். ஆனால் அவள் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். "லேடீஸ் ஹாஸ்டல்ல உம் பேருக்கு இடம் இருக்குன்னு சீட்டைக் காட்டு, பஸ் ஏத்திவிடுதேன். இல்லேன்னா வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." அந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான். கோமதிக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கூடப் படித்த இசக்கி ப்ரியாவையும் கூட்டிக்கொண்டு சேர்மக்கனி அக்காவின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். இசக்கிக்கும் சென்னையில்தான் வேலை. அவளுக்கும் அதே ஹாஸ்டலில் இடம் வேண்டும். அந்த ஹாஸ்டலின் இணையதளத்தில் மூன்று பக்கங்கள். முதல் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும். அடுத்ததில் எந்தக் கட்டில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் 'உறுதி செய்' என்று ஒரு பொத்தான்.

சேர்மக்கனி அக்காவுக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் சும்மா நின்றால் பொறுக்காது. ஒருவர் போன் பேசப் போனால் அடுத்த ஆளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு டேப் திறந்துவிடுவார். அன்றைக்கும் அதைத்தான் செய்தார்.

கோமதியின் பெயரைப் போட்டு அனுப்பியதும் இரண்டாவது பக்கம் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டில், அதுவும் மொட்டை மாடியை ஒட்டிய அறையில். "யக்கா, ஒரு நிமிசம், அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று வெளியே போனாள். அக்கா உடனே இன்னொரு டேப்பைத் திறந்து, இசக்கியின் பெயரையும் நம்பரையும் போட்டு அனுப்பினார். அங்கேயும் அதே ஒற்றைக் கட்டில் காட்டியது. இசக்கி அதைத் தொடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கோமதி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சரின்னுட்டாவ! போடுங்கக்கா, போடுங்க!"

அக்கா பழைய டேப்புக்குத் திரும்பி மவுஸை அவளிடமே கொடுத்தார். கோமதி கட்டிலைத் தேர்ந்தெடுத்தாள். 'உறுதி செய்' பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினாள். அடித்தது இசக்கியின் போன்! 'இசக்கி ப்ரியா அவர்களே, உங்கள் கட்டில் உறுதியானது.' திரையில் வந்த சீட்டிலும் அதே பெயர்.

"ஏட்டி, நான் எதையும் தொடவே இல்லயே!" என்று பதறினாள் இசக்கி. பிறகு செய்தியை மறுபடி படித்தாள். குரல் மாறிவிட்டது. "ஆனா எம் பேருதானட்டி போட்டிருக்கு."

கோமதி ஹாஸ்டலுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வார்டன் எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டார். அவர் எதிரே ஆம்பூர் ஷர்மிளா பானு உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டல் வாசலிலேயே நின்று தன் போனில் எல்லாம் முறையாக நிரப்பி, கோமதிக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி, 'இடம் இல்லை' என்ற பதிலை வாங்கி, வார்டனிடம் முறையிட வந்தவள். ஹாஸ்டலின் இணையதளத்தை உருவாக்கிய நம்பிராஜனையும் வார்டன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், சர்வருக்குத் தானா ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் அதுக்குப் புது ஆள்" என்றான் நம்பிராஜன். "அதனால முதல் பக்கத்துல வந்த பேரை சர்வர்ல எடுத்து வெச்சுக்கிட்டு, பிரவுசருக்கு ஒரு டோக்கன் கொடுத்திடுவேன். கோயில் வாசல்ல செருப்புக்குக் கொடுக்கிற மாதிரி. கட்டில் நம்பர் மட்டும் அந்தந்தப் பக்கத்தோடயே வரும். எத்தனை டேப் திறந்தாலும் ஒரு பிரவுசருக்கு ஒரே டோக்கன்தான். ரெண்டாவது பேர் அதே டோக்கன்ல வந்ததும் முதல் பேர் அழிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான், மூன்று பேரும் வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.

"சீட்டு எம் பேருல வந்திருக்கு மேடம். நான் என்ன களவா எடுத்தேன்?" என்றாள் இசக்கி.

"கட்டிலைக் கேட்டது நான், அழுத்தினதும் நான்" என்றாள் கோமதி.

பானு நிதானமாகப் பேசினாள். "பேர் ஒருத்தரோடது, தேர்வு இன்னொருத்தரோடது. கலந்துபோன பதிவு செல்லாது மேடம். அப்போ முதல் சரியான பதிவு என்னோடதுதான்."

ஒவ்வொருத்தி பேசும்போதும் அவள் சொல்வதே நியாயமாகப் பட்டது. எஸ்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இந்த நேரம் பார்த்து இன்னொரு அழைப்பு, கோமதியின் அப்பா. அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார்.

இப்போது திறவுங்கள் வாயை. அந்தக் கட்டில் யாருக்குச் சேர வேண்டும்? சீட்டில் பெயர் உள்ள இசக்கிக்கா, பொத்தானை அழுத்திய கோமதிக்கா, பிழையே செய்யாத பானுவுக்கா?

விடை: கோமதிக்குத்தான். இசக்கியின் பக்கம் இன்னும் தேர்வு செய்யாமலே நின்றது. அவள் கட்டிலைக் கேட்கவே இல்லை. கேட்காதவள் பெயரை சர்வர் எழுதிவிட்டது என்பதற்காக அது அவளுடையது ஆகாது. பானு அழுத்தியபோது கட்டிலை ஒருத்தி கேட்டு முடித்திருந்தாள். குழப்பம் யார் பெயரில் என்பதில்தானே தவிர, கட்டில் போய்விட்டதா என்பதில் இல்லை. எஸ்தரும் இப்படித்தான் தீர்த்தார். நம்பிராஜன் பெயரைத் திருத்திப் புதுச் சீட்டு அனுப்பினான். அப்பா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சரி, பெட்டியக் கட்டு" என்றார். கோமதி அன்று சாயங்காலமே பஸ் ஏறினாள். வழியனுப்ப இசக்கி வரவில்லை.