யூனிஸ் தூக்கிய கை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்து நாலு. இதில் இரண்டு பேருக்கும் வெட்கமில்லை.

குருவின் பெயர் யூனிஸ். தென் அமெரிக்காவில் கயானா என்றொரு நாடு. அதன் நடுக்காட்டில் ஆற்றோரமாக ஒரு விடுதி. எண்ணூறு வகைக்கு மேல் பறவைகள் இருக்கிற நாடு என்பதால், கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தங்குவார்கள். அவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்ப் பறவை காட்டுவது யூனிஸின் வேலை. அவள் அந்தக் காட்டிலேயே பிறந்த மக்குஷி இனத்துப் பெண்.

சீடர் பெயர் ஆர்மோகம். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆறுமுகம், கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர். கப்பலில் பெயர் எழுதிக்கொண்ட துரையின் வாயில் நுழைந்தது அவ்வளவுதான்; அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆர்மோகத்துக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவர்கள் பேசிக்கொண்டதை நம் பேச்சில் சொல்கிறேன்.

ஆர்மோகம் கடலோர ஊர்க்காரர். சர்க்கரை ஆலை மூடியதும் வேலை போயிற்று. எட்டு மாதத்துக்கு முன்னால் பறவை காட்டும் தொழில் கற்றுக்கொள்ள இங்கே வந்தார். கண் கூர்மை, காது அதைவிடக் கூர்மை. எதைப் பார்த்தாலும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிற பழக்கம் வேறு. குறை ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் காடு என்றால் பயம்.

போன வாரம் நாலு விருந்தினர்களை முதல்முறையாகத் தனியே அழைத்துப்போனார். அங்கே மொட்டைத் தலையோடு ஒரு பறவை உண்டு. மாடு மாதிரி அடித்தொண்டையில் உறுமும். அதைப் பார்க்கத்தான் அந்த நாலு பேரும் கடல் தாண்டி வந்திருந்தார்கள். அது தலைக்கு மேலிருந்து உறுமியது. ஆர்மோகம் "புலி!" என்று கத்திவிட்டு ஓட்டம் பிடித்தார். அங்கே ஜாகுவாரைப் புலி என்றுதான் சொல்வார்கள். பின்னால் ஓடிவந்த ஓர் அம்மாள் வேர் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

பறவை காட்டப் போனவர் பறவைக்குப் பயந்து ஓடிய கதை படகுத்துறை வரைக்கும் போயிற்று. அந்த வாரம் முழுக்க, அவர் சாப்பிட வந்தால் சமையலறையிலிருந்து யாராவது மாடு மாதிரி உறுமினார்கள். விடுதி மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாளன்னைக்கு அஞ்சு பேர் வராங்க. இன்னொரு தடவை ஓடுனீங்கன்னா நிக்காதீங்க, அப்படியே படகு வரைக்கும் ஓடிடுங்க" என்றார்.

அந்த 'நாளன்னைக்கு' நாளைக்கு என்று ஆன காலையில், பாதை தொடங்குகிற இடத்தில் ஆர்மோகம் யூனிஸிடம் கேட்டார்.

"மிஸ், பயத்த விடணும். எப்படின்னு சொல்லுங்க."

"விட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க, அங்கிள்?"

"நாளைக்கு அஞ்சு பேர் என் பின்னால வராங்க. முன்னால நான் மட்டும்தான். எதாவது சத்தம் கேட்டா என் கால் என்னைக் கேக்காம ஓடிடும். எனக்கு உங்க அண்ணன் மாதிரி ஆகணும்."



யூனிஸின் அண்ணன் லயனலின் படம் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவரைப்போல ஒரு வழிகாட்டி பிறக்கவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நடக்கிறவர் கையைத் தூக்கினால், பின்னால் வருகிறவர்கள் வைத்த கால் வைத்தபடி நிற்க வேண்டும். கை இறங்கும்வரை மூச்சுகூடப் பலமாக விடக் கூடாது. லயனல் பத்து வருஷத்தில் நாலே தடவைதான் கையைத் தூக்கினாராம். நாலு தடவையும் எதிரே பாம்பு இருந்ததாம். ஒரு தடவைகூட வீணாகத் தூக்கியதில்லை, பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன் என்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே பாதையில், பாம்பு கடித்து இறந்துபோனார். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

"வாங்க" என்றாள் யூனிஸ்.

முன்னால் நடந்தாள். அண்ணனுடைய பழைய பைனாகுலர்தான் அவள் கழுத்தில் தொங்கியது. உடைந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

காலை ஆறரை மணிக்கும் உள்ளே வெளிச்சம் பாதிதான் வந்தது. மரங்களிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்மோகம் தரையையே பார்த்து நடந்தார். அங்கே லபாரியா என்று ஒரு விஷப்பாம்பு உண்டு. காய்ந்த இலை நிறம். அந்தக் காட்டின் தரை முழுக்கக் காய்ந்த இலை.

யூனிஸ் கையைத் தூக்கினாள். ஆர்மோகம் நின்றார். எதுவும் வரவில்லை. கை இறங்கியது.

கொஞ்ச தூரத்தில் மறுபடி தூக்கினாள். மறுபடி எதுவும் இல்லை. ஆர்மோகம் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஓடையைத் தாண்டியதும் பறவைக் கூட்டம் இருந்தது. அந்தக் காட்டில் சின்னப் பறவைகள் தனியாக மேய்வது குறைவு. பத்துப் பன்னிரண்டு வகை ஒன்றாகச் சேர்ந்து, இலை இலையாகப் புரட்டிக்கொண்டே நகரும். நடுவில், தாழ்ந்த கிளையில், சாம்பல் நிறத்தில் ஒரு பறவை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு விடுதியில் வாட்ச்மேன் என்று பெயர். வல்லூறு வந்தால் முதலில் கத்துவது அதுதான்.

"எத்தனை?" என்றாள் யூனிஸ்.

ஆர்மோகம் எண்ணினார். "வாட்ச்மேனோட சேத்து இருபத்து மூணு."

வாட்ச்மேன் கத்தியது.

எல்லாப் பறவைகளும் அப்படியே உறைந்தன. இலை புரட்டும் சத்தம் சட்டென்று நின்றதில் காடே செத்துப்போனது மாதிரி இருந்தது. ஆர்மோகத்தின் வலது கால் பின்னால் போனது.

வல்லூறு வரவில்லை. வேறொரு பறவை கிளப்பிவிட்ட தத்துக்கிளி ஒன்று காற்றில் பறந்துகொண்டிருந்தது. அசையாமல் நின்ற பறவைகளுக்கு நடுவே வாட்ச்மேன் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டு கிளைக்குத் திரும்பியது. மற்றவை மறுபடி மேய ஆரம்பித்தன.

"மிஸ், அது பொய் சொல்லுது!"

"ஆமா."

"மத்ததுக்கு அது தெரியாதா?"

"நீங்க ஒரு தடவை பாத்துட்டுக் கண்டுபிடிச்சிட்டீங்க. அதுங்க முட்டையிலிருந்து வந்த நாள்லயிருந்து பாக்குது."

ஒன்பது மணிக்குள் வாட்ச்மேன் பதினொரு தடவை கத்தியது. வல்லூறு ஒரு தடவைகூட வரவில்லை. பதினொரு தடவையும் பறவைகள் உறைந்தன. ஒன்றைத் தவிர.

இறக்கையில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு குருவி. ஐந்தாவது கத்தலுக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஆறாவதுக்கு அதுவும் இல்லை. மற்றவை நடுங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அது புழு புழுவாகத் தின்றுகொண்டிருந்தது.

ஆர்மோகத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அதுதான் மிஸ்! அது புரிஞ்சுக்கிச்சு. எப்படித் தின்னுது பாருங்க. எனக்கு இந்த மாதிரி ஆகணும்."

"அப்ப அதையே பாருங்க. கண்ண எடுக்காதீங்க."

அவர் பைனாகுலரை உயர்த்தினார். வட்டத்துக்குள் அந்தக் குருவி மட்டும். இலைக்கு அடியில் தொங்கியது, குதித்தது, தின்றது. எட்டு மாதத்தில் முதல்தடவையாக ஆர்மோகம் தன் காலடியில் என்ன இருக்கிறது என்பதை மறந்து நின்றார். பக்கத்து மரத்தில் சாய்ந்துகொள்ளக்கூடக் கை நீட்டினார். யூனிஸ் அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். மரத்தில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

வாட்ச்மேன் பன்னிரண்டாவது தடவை கத்தியது.

முந்தைய பதினொன்றுக்கும் இதற்கும் ஆர்மோகத்தின் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குருவி ஒரு பச்சைப் புழுவை எட்டிப் பிடிக்கக் கழுத்தை நீட்டியது.

வட்டத்துக்குள் பழுப்பாக ஏதோ வந்து, போனது.

சத்தமே இல்லை. குருவி இருந்த இடத்தில் ஓர் இலை ஆடிக்கொண்டிருந்தது. ஆர்மோகம் அந்த இலை நிற்கும்வரை அதையே பார்த்தார். பைனாகுலரை இறக்கப் பயமாக இருந்தது. இறக்கினால் தன் காலும் ஓடிவிடும் என்று தோன்றியது. ஓட முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. யூனிஸ் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மற்ற பறவைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. இலை புரட்டத் தொடங்கின.

"அதுக்குள்ள மேயுதே" என்றார் ஆர்மோகம்.

"பசிக்கும்ல."

வாட்ச்மேன் பதின்மூன்றாவது தடவை கத்தியது. மறுபடி பொய். மறுபடி ஒரு பூச்சி. பறவைகள் அத்தனையும் உறைந்தன. ஆர்மோகமும் உறைந்துதான் நின்றார்.

நோட்டில் இருபத்து மூன்று என்று எழுதியதை அடித்து, இருபத்து இரண்டு என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

திரும்பும்போது ஓடைக்கு இந்தப் பக்கம் யூனிஸ் கையைத் தூக்கினாள்.

ஆர்மோகத்தின் ஒரு குதிகால் தரையில் படாமல் நின்றது. அப்படியே நின்றார். முழங்கால் நோக ஆரம்பித்தது. காதில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. எதிரே பாதை, இலைகள், ஒரு விழுந்த கொப்பு. அவருக்கு எதுவும் தெரியவில்லை. யூனிஸின் முதுகைப் பார்த்தார். கழுத்து நரம்பு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. தூக்கிய கை நடுங்கியது.

எட்டு மாதமாக அந்தக் கைக்குப் பின்னால் நடந்திருக்கிறார். அது நடுங்கும் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

வெகுநேரம் கழித்துக் கை இறங்கியது. யூனிஸ் பாதையை விட்டு விலகி, கொப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவரும் சுற்றிக்கொண்டு நடந்தார். கொப்புக்குக் கீழே இலைகள் இருந்தன. இலைகள் மட்டும்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

விடுதியின் கூரை தெரிகிற இடத்துக்கு வந்ததும் ஆர்மோகம் நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கோடு கோடாக இருந்தது.

"நீங்க கையத் தூக்குனதெல்லாம் எழுதி வச்சிருக்கேன். இன்னையோட இருநூத்திப் பதினொண்ணு. அதுல ரெண்டே தடவதான் பாம்பு இருந்துச்சு."

"நல்லா எண்ணியிருக்கீங்க."

"இப்ப ஓடைப் பக்கம் என்ன பாத்தீங்க?"

"எதையும் பாக்கல."

"அப்ப எதுக்குத் தூக்குனீங்க?"

"பயமா இருந்துச்சு."

ஆர்மோகம் நோட்டை மூடினார். நாளைக்குத் தன் பின்னால் வரப்போகிற அந்த ஐந்து பேரை நினைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டேவிட்டார்.

"உங்க அண்ணன் பத்து வருஷத்துல நாலே தடவதான் தூக்குனாருன்னு சொல்றாங்களே, மிஸ்."

யூனிஸ் பைனாகுலரில் பிரிந்திருந்த டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"நாலு இல்ல அங்கிள், அஞ்சு. கடிச்ச அன்னைக்கு நான் அவனுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். அஞ்சாவது தடவையும் பாம்பப் பாத்த பிறகுதான் கையத் தூக்குனான்."