அவிழ்த்துப் போட்ட மரங்கள்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும். வெட்டிக் கடலில் போட்ட பிறகும் பேசும். மீனவன் வேம்புலியின் கட்டுமரத்தில் நான்கு மரங்கள். அலையில் ஏறும்போது ஒன்றையொன்று திட்டிக்கொண்டே ஏறும். அப்போதெல்லாம் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். அவிழ்த்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குக் கடலோடு போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

ஒருநாள் தூரத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இறக்கிய படகு கரையோர அலையில் கவிழ்ந்தது. கப்பல் தலைவன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு மணலில் ஏறினான். அவன் வீரர்கள் துப்பாக்கிகளை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஏறினார்கள். அதே அலையைத் தாண்டி வேம்புலி மீனோடு வந்து இறங்கினான்.

தலைவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவர் வேம்புலிக்கு மாமன் முறை.

"வேம்புலி, தொரைக்கு இந்த மரம் வேணுமாம்."

"எம் பொழப்பே இதுதான் மாமா."

"குடுக்கலேன்னா துப்பாக்கி பேசுமாம்."

"அதுவும் பேசுதா? நம்ம மரந்தான் பேசும்னு நெனச்சேன்."

வீரர்கள் நெருங்கி வந்தார்கள்.

"எங்கள அவுத்து வுடு," என்றது நடுமரம்.

"அவுத்தா திரும்பி வருவீங்களா?"

"தெரியாது. அவன் காலுக்குக் கீழ கெடக்க மாட்டோம். அது தெரியும்."

வேம்புலி தன் வீடு இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு முடிச்சை உருவினான்.

நுரையில் உருண்ட மரங்களை வீரர்கள் பிடித்தார்கள். தங்கள் கயிற்றால், தங்களுக்குத் தெரிந்த மாதிரி இறுக்கிக் கட்டி ஏறினார்கள். முதல் அலையிலேயே மரங்கள் தோளைக் குலுக்கின. கட்டு தெறித்தது, வீரர்கள் தண்ணீரில் கிடந்தார்கள். நான்கு மரங்களும் வேம்புலியின் காலடியில் வந்து ஒதுங்கின.

"என்ன பாக்குற? கட்டு," என்றது நடுமரம்.

இந்த முறை துப்பாக்கிகளும் நனைந்து போயிருந்தன. தலைவன் கேட்டதை மாமன் தயங்கிச் சொன்னார்: "இதோட பேராவது சொல்லுன்றாரு."

"கட்டுமரம். பேர எடுத்துட்டுப் போவட்டும் மாமா. பேர வெச்சி அலை தாண்ட முடியாது."

அந்தப் பெயர் பல நாட்டு மாலுமிகளின் வாயில் உருண்டு ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று கரையேறியது. அந்தப் பெயரை வைக்க இந்த மரம் கிடைக்காததால், இரண்டு படகுடல்களை இணைத்த வேறொரு படகுக்கு அதை வைத்தார்கள்.

அன்று முதல்தான் எங்கள் கரையில், கடலிலிருந்து வந்ததும் கயிற்றை உருவி மரங்களைத் தனித்தனியே வெயிலில் போடுகிறார்கள். கட்டத் தெரியாதவன் வந்தால் எடுத்துப்போக அங்கே படகு இருக்காது.