ஆவுடையப்பன் நகரம் பார்த்த கதை

உல்லாசக் கப்பலில் பாத்திரம் கழுவுகிற ஆவுடையப்பன், துறைமுகத்திலிருந்து ரயிலேறி நகரம் பார்த்துவரக் கிளம்பினான். மேற்பார்வையாளர் சிரித்தார். "போடா ராசா. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் உன் வேலை போச்சு."

திரும்பும்போது ரயில் வயல் நடுவே நின்றுவிட்டது. மணி ஆறும் ஆனது. ஆவுடையப்பனோ எதிரே இருந்த தொப்பிக்காரரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் காற்று வாங்க இறங்கினால் இவனும் இறங்கினான், ஏறினால் ஏறினான்.

ஏழு மணிக்கு ஓடிவந்து பார்த்தால், கப்பல் அங்கேயே நிற்கிறது. மேற்பார்வையாளர் பாய்ந்தார். "உனக்காகவாடா நிக்குது?"

"எனக்கு எங்கய்யா நிக்கும்? கூட வர்றாரே, இவருக்குத்தான். நம்ம கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுற பைலட். காலையிலேயே விசாரிச்சு இவர் ஏறின ரயில்லயே ஏறிட்டேன்."

"நகரத்துல என்னதான்டா பார்த்தே?"

"நாள் பூரா இவர் முதுகைத்தான்யா."