சிங்காரப்பர் சுமந்த பிணை

முன்னொரு காலத்தில் தாழங்கரை நாட்டைச் செண்பகசேனன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன உத்தரவு போடுவான் என்று அவனுக்கே தெரியாது.

ஒருநாள் அவன் பல்லக்கில் போகையில் நடுத்தெருவில் ஒரு குடிகாரன் மல்லாந்து கிடந்தான். சேவகர்கள் அதட்டியதும், "பல்லக்கைச் சுத்திக் கொண்டுபோங்கடா, தூக்கம் கெடுது" என்று புரண்டு படுத்தான்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "இனிமேல் கள் விற்கிறவர்கள் எல்லோரும் பிணை கொடுக்க வேண்டும். குடித்தவன் தொல்லை செய்தால் பிணை நின்றவரே பொறுப்பு!" என்று சபையில் அறிவித்தான்.

பிரதானி சிங்காரப்பர் துள்ளி எழுந்தார். ஊர்க் கள்ளுக்கடைகள் எல்லாம் தன் மைத்துனன் கைக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. "பிரபு, கடைக்கு ஆயிரம் பொன் பிணை என்று வையுங்கள். மைத்துனனுக்காக நானே கட்டுகிறேன்" என்றார்.

சேதி கேட்டு, ஆற்றங்கரையில் கடை வைத்திருந்த பூவாயி சபைக்கு ஓடி வந்தாள்.

"மகாராசா, ஆயிரம் பொன்னுக்கு நான் எங்கே போவேன்? கடையை மூடினா என் பிள்ளைங்க பட்டினி. எவனாவது தடுமாறினா, கலயத்தைப் பிடுங்கிட்டு நானே தோள்ல தாங்கி வீட்டுல விட்டுட்டு வருவேன். இந்தத் தோள்தான் சாமி என் பிணை."

"தோள் பிணையா!" என்று சிங்காரப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மந்திரி குழந்தைவேலர் சிரிக்கவில்லை. "பிரபு, தெருவில் கிடப்பவனைக் கஜானாப் பொன் எழுந்து வந்து தூக்குமா? பூவாயி சொல்வதுதான் பிணை. விழுந்தவனைப் பிணையாளியே சுமந்து வீடு சேர்க்கட்டும். சிங்காரப்பரால் முடியாதென்றால் வேண்டாம்."

"என்னால் முடியாதா?" என்று சிங்காரப்பர் மீசையை முறுக்கினார்.

"பலே!" என்று ராஜா கைதட்டினான். "தேர்த்திருவிழாவில் பார்ப்போம். எந்தக் கடைக்காரர் ஊரைப் படுக்க வைக்கிறாரோ, அவர் கடைக்குப் பூட்டு!"

திருவிழாவும் வந்தது. பூவாயி கடையில் குடித்தவர்கள் அளவோடு குடித்துவிட்டுத் தேர் பார்க்க நடந்தார்கள். மைத்துனனோ காசாசையில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ஊற்றினான். உச்சிவேளைக்குள் கடை வாசலில் ஆட்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தார்கள். காவலர்கள் பார்த்து நிற்க, சிங்காரப்பர் ஒவ்வொருவராகச் சுமந்தார்.

"மெதுவா மாமா, வயிறு குலுங்குது" என்றான் ஒருவன். இன்னொருவன் ஊர்க்கோடி வரை போனபின், "இது பழைய வீடு, திரும்பு" என்றான்.

சாயங்காலம் ஒருவன் மட்டும் மிச்சம். நல்ல கனம். முகமெல்லாம் சேறு, தலையில் முக்காடு.

"வீடு எங்கேடா?"

"நேராப் போ."

மூச்சு வாங்க நடந்த சிங்காரப்பர் பொருமினார்: "அந்த ராஜா மட்டும் கையில் கிடைத்தால் ஆற்றில் தள்ளிவிடுவேன்!"

"அவ்வளவு கெட்டவனா?"

"கெட்டவன் இல்லை, கிறுக்கன்!"

அரண்மனை வாசலில் காவலர்கள் குனிந்து வணங்கினார்கள். "எனக்கா இவ்வளவு மரியாதை?" என்றார் சிங்காரப்பர்.

"எனக்கு" என்றது முதுகில் இருந்த குரல். "வீடு வந்துவிட்டது, இறக்கும்."

சேற்றைத் துடைத்துக்கொண்டு நின்றான் செண்பகசேனன். சிங்காரப்பர் தடாலென்று காலில் விழுந்தார். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். "நல்லவேளை, நாம் வந்த வழியில் ஆறு இல்லை!"

மறுநாள் சபையில் மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. பூவாயிக்குப் பொன் கட்டாமலே ஆயுசுக்கும் கடை.

"சிங்காரப்பரே, உம் மைத்துனன் கடைக்கு இன்றே பூட்டு" என்றான் ராஜா.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார் சிங்காரப்பர். "மகாராஜா பல்லாண்டு வாழ்க!" என்று கூவினார். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் மனசாரக் கூவியது அன்றைக்குத்தான்.