பத்து லட்சத்து மூன்று

சேந்தனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் யானைப்படையில் இருந்தவர். கணக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. நீலநங்கையின் மடத்தில் வந்து சேர்ந்தார். ஆசிரியை நீலநங்கைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிக்கும் மாணவர் சபை முன் ஒரு பகா எண்ணை வைக்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். பொழுது சாய்வதற்குள் யாராவது அதை வகுத்துக் காட்டிவிட்டால், எண்ணை வைத்த மாணவர் மடத்தை விட்டுப் போய்விட வேண்டும்.

சபைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சேந்தன் சிரித்த முகத்தோடு வந்தார்.

"எண் கிடைத்துவிட்டது, அம்மா. பத்து லட்சத்து ஒன்று."

"எதுவரை வகுத்துப் பார்த்தீர்கள்?"

"நூற்றுக்குள் இருக்கும் பகா எண்கள் இருபத்தைந்தாலும் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. இனி எது வந்து உடைக்கப்போகிறது?"

நீலநங்கை மணலில் நூற்றொன்று என்று எழுதினார்.

சேந்தன் குனிந்து வகுத்தார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று வந்தது. மீதி இல்லை. நம்பாமல் மறுபடியும் வகுத்தார். அப்போதும் இல்லை.



"எண்களுக்கு முடிவே கிடையாதே, அம்மா. நான் எங்கே போய் நிறுத்துவது?"

"ஆயிரத்தில்."

"ஏன் ஆயிரம்?"

"உடைத்தால் இரண்டு துண்டு வரும். இரண்டுமே ஆயிரத்துக்கு மேல் இருக்க முடியுமா?"

சேந்தன் ஆயிரத்தொன்றை ஆயிரத்தொன்றால் பெருக்கினார். பத்து லட்சத்து இரண்டாயிரத்து ஒன்று. தன் எண்ணைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள் இருந்தே தீர வேண்டும்.

அன்றே பத்து லட்சத்து மூன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஏதோ கொஞ்சம் மீதி நின்றது.

சபையில் அதை வைத்தார். எண்ணை உடைக்க வந்திருந்த போட்டி மடமான மேலைமடத்து மாணவர்கள் பன்னிரண்டு பேர் காலையிலிருந்து வகுத்தார்கள். பொழுது சாய்ந்தது. அவர்களுடைய ஆசிரியர் எழுந்தார்.

"ஐநூற்றைத் தாண்டிவிட்டோம். நாளை வரை நேரம் கொடுத்தால் உடைத்துவிடுவோம். உமக்குப் பயமாக இருந்தால் வேண்டாம்."

விதிப்படி சேந்தன் வென்றாகிவிட்டது. கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சபை முழுவதும் அவரையே பார்த்தது. மெல்ல ஆசிரியை பக்கம் சாய்ந்தார்.

"ஒரு நாள் கொடுக்கலாமா, அம்மா?"

"ஆயிரம் வரை பார்த்தீர்களா?"

"பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை."

"அப்படியானால் ஒரு வருஷம் கொடுங்கள்" என்றார் நீலநங்கை.